கட்டை பிடித்த முத்தாயியும் பீரங்கி வண்டிக் கேம் ஷாஃப்டும்

எழுபதுகளில் அரியலூர் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குழிகளில் லாரி ஓட்டிய யாரையாவது பார்த்தால் முத்தாயியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்வார்: "அந்தம்மா சக்கரத்துக்குப் பின்னால நின்னதைப் பார்த்தவனுக்குத்தாங்க தெரியும்."

உண்மைதான். பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

குழி என்றதும் சின்னதாக நினைத்துவிடாதீர்கள். ஓர் ஊரையே கோயிலோடும் குளத்தோடும் உள்ளே இறக்கி வைத்துவிடலாம். விளிம்பில் நின்று பார்த்தால், அடியில் கல் உடைப்பவர்கள் புள்ளி புள்ளியாகத் தெரிவார்கள். எங்கு பார்த்தாலும் கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை. அந்த ஆழத்திலிருந்து மேலே வர ஒரே ஒரு சரிவுப் பாதை. வெயில் நாளில் கல் ஏற்றிய லாரிகள் முக்கி முனகி எப்படியோ ஏறிவிடும். ஒரு மழை பெய்துவிட்டால் போதும், பாதையில் கிடக்கும் சுண்ணாம்புத் தூள் குழைந்து வெண்ணெயாகிவிடும். பாதிச் சரிவில் லாரி நின்றுபோகும். சக்கரம் மட்டும் சுற்றும், வண்டி நகராது.

அப்போது காசிநாதனுக்கு ஆள் அனுப்புவார்கள். அவர் முத்தாயியின் கணவர். திருச்சியில் ராணுவத்தார் ஏலம் விட்ட ஒரு பழைய பெட்ரோல் லாரி அவரிடம் இருந்தது. உலக யுத்தத்தில் ஓடிய வண்டி. மூக்கு நீண்டிருக்கும், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சேற்றில் மாட்டிய லாரிகளை இரும்புச் சங்கிலி பூட்டி மேலே இழுத்து வருவதுதான் அவர்களுடைய பிழைப்பு.

இழுப்பது காசிநாதன். ஆனால் உயிரைப் பணயம் வைப்பது முத்தாயி.

கல் ஏற்றிய லாரியை ஒரே மூச்சில் மேலே கொண்டுவர முடியாது. கொஞ்சம் இழுக்க வேண்டும், நிறுத்த வேண்டும், மறுபடி இழுக்க வேண்டும். நிற்கிற அந்த நொடியில் பார லாரி பின்னோக்கி வழுக்கத் தொடங்கும். அந்தச் சேற்றில் எந்தப் பிரேக்கும் பிடிக்காது. வழுக்குவதற்குள் அதன் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையை வைத்துவிட வேண்டும். கருவேல மரத்தில் ஆப்பாகச் சீவி, மண்ணைக் கவ்வுவதற்காக அடியில் ஆணி அறைந்த கட்டை. குச்சியால் தள்ளினால் அது கோணிக்கொண்டு வழுக்கிவிடும். கையால் பிடித்து, நேராக, அழுத்தி வைக்க வேண்டும். தலைக்கு மேலே மலை போலக் கல். முகத்துக்கு நேரே உயரமான டயர். அதற்குக் கீழே வளையல் அணிந்த இரண்டு கைகள்!

கட்டை விழுந்ததும் அவள் "ஏங்க!" என்று ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரல் காதில் விழுந்தால்தான் காசிநாதன் அடுத்த இழுப்பு இழுப்பார். கணவனை அழைக்க அவளிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். அந்தப் பக்கத்துப் பெண்கள் அப்போதெல்லாம் கட்டியவன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வார்கள். சொன்னால் அவன் ஆயுள் குறைந்துவிடும் என்று பயம்.

இந்த வேலைக்கு அவள் எப்படி வந்தாள்? அதுவும் ஒரு மழை நாளில்தான். கட்டை வைக்க வந்த கிளீனர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓடிப்போனார்கள். கடைசியாக இருந்தவன், டயர் தன் செருப்பைத் தின்றதைப் பார்த்த அன்றே மற்றச் செருப்பையும் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். சரிவில் லாரி தொங்கிக்கொண்டிருந்தது. சோறு கொண்டுவந்த முத்தாயி தூக்குவாளியை ஓரமாக வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். கட்டையை எடுத்தாள்.

"நீயா?" என்று பதறினார் காசிநாதன்.

"பின்ன, பக்கத்து வூட்டுக்காரியா வருவா? வண்டியை எடுங்க."

அவ்வளவுதான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு அவரும், அவருக்கு அவளும், இருவருக்கும் அந்த வண்டியும்தான். எண்பதுகளில் பெரிய கிரேன்கள் வந்து சேரும்வரை அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் வேறு யாரும் நின்றதில்லை.

அவளுடைய கை பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம், வண்டி ஒரே சீராக இழுத்ததுதான். எவ்வளவு நகரும், எப்போது நிற்கும் என்பது அவள் உடம்புக்கே தெரியும். எழுபத்தெட்டாம் வருடத்து மழைக்காலத்தில் அந்தச் சீர் கெட்டது. வண்டிக்கு மூச்சு வாங்கியது. பாதி இழுப்பில் திணறி நின்றது. நிற்கக் கூடாத இடத்தில் நின்ற ஒவ்வொரு தடவையும், முத்தாயி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டையைச் செருகினாள்.

காசிநாதன் வண்டியைப் பெரம்பலூருக்கு ஓட்டிப் போனார். அங்கே மெயின் ரோட்டில் குரும்பலூர் வைத்திலிங்கத்தின் ஒர்க்‌ஷாப் இருந்தது. ராணுவ லாரிகளைப் பிரித்துப் பூட்டுவதில் அந்தப் பக்கத்தில் அவருக்குத்தான் பெயர். எஞ்சினைப் பிரித்த வைத்திலிங்கம், உள்ளேயிருந்து ஒரு நீளமான இரும்புத் தண்டை உருவி எடுத்துக் கோணிச் சாக்கின்மேல் வைத்தார்.

"கேம் ஷாஃப்ட் போச்சு மாப்ள. தடவிப் பாரு, தேஞ்சு வழுக்கையாயிடுச்சு."

தண்டு நெடுகிலும் முட்டை வடிவத்தில் மேடுகள். தண்டு சுற்றச் சுற்ற அந்த மேடுகள்தான் வால்வுகளைத் தள்ளித் திறக்கும், மூடவிடும். எஞ்சின் மூச்சு இழுப்பதும் விடுவதும் அவற்றால்தான். மேடு தேய்ந்தால் மூச்சு குறையும். காசிநாதன் வண்டிக்கு நடந்தது அதுதான்.

புதிதாக வாங்கலாம் என்றால், அந்த வண்டியைச் செய்வதையே எப்போதோ நிறுத்திவிட்டார்கள். வைத்திலிங்கம் திருச்சியில் பழைய இரும்புக் கடைக்காரரிடம் சொல்லி வைத்து இரண்டு கேம் ஷாஃப்டுகளை வரவழைத்தார். இரண்டும் அதே எஞ்சினுக்குப் பொருந்துபவை. ஆனால் மேடுகள் ஒன்றுபோல் இல்லை.

"இது ராணுவத்துல பெரிய அதிகாரிங்க போற வேக வண்டியில கெடந்தது" என்று ஒன்றைக் காட்டினார். "மேடு உசரம். வால்வு வாயை ஆன்னு தொறக்கும், ஆற அமரத்தான் மூடும். ரோட்டுல பறக்குற எஞ்சினுக்கு அவ்வளவு காத்து வேணும். இன்னொண்ணு பீரங்கி இழுத்த வண்டியோடது. மேடு குட்டை. கொஞ்சமாத் தொறந்து வெரசா மூடிக்கும். ஓட்டம் இருக்காது. ஆனா ஊர்ந்து போறப்ப உள்ள வாங்குன மூச்சு வெளிய சிந்தாது. நெல்லு மூட்டை தூக்குறவன் வாயைத் தொறந்துகிட்டா தூக்குவான்? மூச்சை உள்ள கட்டிக்கிட்டுத்தானே தூக்குவான்? அதான் கணக்கு."

காசிநாதன் இரண்டையும் கட்டைவிரலால் தடவினார். பெரம்பலூரிலிருந்து ஜெயங்கொண்டம் வரை லாரிக்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. மேடு உயரமாக விரலில் தட்டினால் அது பலமான கேம், தட்டாவிட்டால் சோப்ளாங்கி. அவ்வளவுதான் அவர்கள் சோதனை.

"உசரந்தாண்ணே பலம். இந்தக் குட்டையை வச்சு என்ன பண்றது? மாவு இடிக்கலாம்."

அதுவரை ஓரமாக நின்ற முத்தாயி மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, எதைப் போட்டா வண்டி துள்ளாது?"

வைத்திலிங்கம் குட்டை மேட்டுத் தண்டைக் காலால் இலேசாக அவள் பக்கம் உருட்டிவிட்டார்.

"துள்ளாதாம்!" காசிநாதன் சிரித்தார். "ஏற்கனவே டீக்கடையில நம்ம வண்டிக்கு என்ன பேரு தெரியுமாண்ணே? ஆமை. 'ஆமை வருது, ஓரமா நில்லு, ஒரு வாரத்துல தாண்டிரும்'ங்கிறானுவ. பீரங்கி இழுத்ததைப் போட்டா நத்தைன்னுவானுவ."

பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "நீ என்னை மொத மொத பார்த்தப்ப நான் எப்படி வந்தேன் புள்ள? மறந்துட்டியா?"

அவள் எப்படி மறப்பாள்! ஜெயங்கொண்டத்திலிருந்து கும்பகோணம் போகிற பஸ்ஸை அப்போது அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். மீன்சுருட்டி முந்திரிக் காட்டோரம் அந்தப் பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு பறக்கும். சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிய டிரைவரைப் பார்க்கக் குமரிப் பெண்கள் வேலையை விட்டு நிமிர்வார்கள். அந்தப் பெண்களில் முத்தாயியும் ஒருத்தி. அந்த வேகத்துக்குத்தான் இவள் கழுத்தை நீட்டினாள் என்று காசிநாதன் நம்பியிருந்தார். அன்றைய டிரைவராக இன்னொரு முறை அவள் முன்னால் நிற்க வேண்டும் என்று அந்த மனிதருக்கு ஆசை. அது வீம்பா, பாசமா? இரண்டையும் பிரிக்கத் தெரிந்தவர் யார்?

முத்தாயி அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த ஆசையை உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. உடைப்பதைவிடத் தன் கையை டயருக்கு அடியில் நீட்டுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

"உங்க இஷ்டம்" என்றாள்.

உயரமான மேடு உள்ளே போனது.

அடேயப்பா, அந்தச் சத்தம்! பெரம்பலூர் கடைத்தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அரியலூர் ரோட்டில் வண்டி பாய்ந்தது. முன்னால் போன பஸ்ஸை முந்தியது. பஸ் ஜன்னல்களில் பிள்ளைகள் கத்தினார்கள். காசிநாதன் ஒரு கையால் மீசையைத் தடவிக்கொண்டு ஓட்டினார். பத்து வயது குறைந்தாற்போல இருந்தார். முத்தாயி மடியில் கட்டையை வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். அரியலூர் ரயில்வே கேட்டில் வண்டி மெதுவாக ஊர வேண்டியிருந்தபோது எஞ்சின் இருமியது. விக்கியது. காலை அழுத்தி உறுமவிட்டால்தான் அணையாமல் ஓடியது. அவள் உட்கார்ந்திருந்த பலகை வழியாக அந்த விக்கல் அவள் முதுகுக்குப் போனது. சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த வாரமே மழை பிடித்தது. சரிவின் பாதியில் மாட்டிக்கொண்டது அரியமுத்துவின் லாரி. இளவயது டிரைவர், முத்தாயியை அக்கா என்று அழைப்பவன்.

"என்னக்கா, புலியைப் பூட்டியாந்திருக்கீங்க! சத்தம் குழியவே ஆட்டுது!"

"புலியெல்லாம் சரி. நீ ஸ்டேரிங்கை நேராப் பிடி. தூங்கிறாத."

சங்கிலி பூட்டியாயிற்று. காசிநாதன் மெதுவாக இழுத்துப் பார்த்தார். எஞ்சின் படக்கென்று நின்றது. மறுபடி கிளப்பினார். மறுபடி நின்றது. வேறு வழியில்லை; காலை அழுத்தி எஞ்சினை அலறவிட்டுக் கிளட்சை விட்டார். வண்டி துள்ளியது. தளர்ந்து கிடந்த சங்கிலி சுளீரென்று விறைத்தது. பார லாரி முன்னால் குதித்து, உடனே பின்னால் வழுக்கியது. முத்தாயி பாய்ந்து கட்டையை வைத்தாள்.

"ஏங்க!"

அவருக்குக் கேட்கவில்லை. எஞ்சின் அலறலில் அந்தச் சின்னச் சொல் கரைந்துபோயிற்று. அவராக ஒரு குத்துமதிப்பில் அடுத்த துள்ளலை விட்டார். அவள் தயாராக இல்லாதபோது வண்டி துள்ளியது. தயாராக இருந்தபோது நின்றது. கல் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள்.

நாலைந்து துள்ளலுக்குப் பிறகு அது நடந்தது. எஞ்சின் நின்றது; லாரி சறுக்கியது; முத்தாயி கட்டையைக் கொடுத்தாள். சக்கரம் கட்டையின் மேல் பாதி ஏறி நின்றது. கையை இழுத்துக்கொண்டாள். வளையல்கள் நொறுங்கின. ஆனால் முந்தானை வரவில்லை! டயருக்கும் கட்டைக்கும் நடுவில் புடவை சிக்கிக்கொண்டது. அவளால் எழ முடியவில்லை, நகர முடியவில்லை. ஈரக் கல்லும் டயருமாக முகத்தை அடைத்துக்கொண்டு நின்றது அந்த லாரி.

மேலே எஞ்சின் மீண்டும் அலறத் தொடங்கியது. காசிநாதன் அடுத்த துள்ளலுக்குத் தயாராகிறார்! லாரி முன்னால் துள்ளினால் கட்டை விலகிவிடும். அவள் எழுவதற்குள் மறுபடி எஞ்சின் நின்றால் அத்தனை கல்லும் நேராக அவள்மேல்தான்.

"ஏங்க! ஏங்க! ஏங்க!"

கேட்கவில்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்ட அரியமுத்து ஹாரனை அடித்தான், விடாமல் அடித்தான். 'சீக்கிரம் இழு' என்று அவன் அவசரப்படுத்துவதாக நினைத்த காசிநாதன் எஞ்சினை இன்னும் அலறவிட்டார். கிளட்சிலிருந்து கால் எழும்பத் தொடங்கியது.

அப்போது அந்தக் குழியே அதுவரை கேட்டிராத ஒரு குரல் எழுந்தது.

"யோவ் காசிநாதா!"

தன் பெயர்! அந்தக் குரலில்! கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அந்த வாயிலிருந்து வராத பெயர். அத்தனை இரைச்சலைக் கிழித்துக்கொண்டு அது எப்படி அவர் காதைச் சேர்ந்தது? என்ஜினியர்களைக் கேட்டால் என்ன சொல்வார்களோ தெரியாது. அவர் கால் கிளட்சை அப்படியே மிதித்துக்கொண்டது. கை சாவியைத் திருகியது. குழியில் மழைத்தூறல் சத்தம் மட்டும் மிஞ்சியது.

கல் உடைப்பவர்கள் ஓடிவந்து கைக்குக் கிடைத்த பாறைகளையெல்லாம் சக்கரங்களுக்குப் பின்னால் உருட்டினார்கள். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு விழுந்து எழுந்து ஓடிவந்த காசிநாதன் பார்த்தது என்ன? வெள்ளைச் சேற்றில் பச்சை வளையல் துண்டுகள். அவ்வளவுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் கை போய்விட்டது என்றே நினைத்துவிட்டார். அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அரியமுத்து கத்தியால் முந்தானையை அறுத்து அவளை இழுத்து வெளியே விட்டான். முழுசாக வந்தாள். காசிநாதன் அவள் கைகளைப் பிடித்து, திருப்பி, ஒவ்வொரு விரலாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவள் ஓவென்று அழுதாள்.

"அழுவாத புள்ள. ஒண்ணும் ஆவலை. கையி நல்லாருக்கு."

"கைக்கா அழுவுறேன்? பேரைச் சொல்லிட்டேங்க. இத்தனை பேரு முன்னாடி... வாய் கூசாம... யோவ்வுன்னு வேற சொல்லிட்டேன். உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

கல் உடைக்கும் பெண்களில் மூத்தவளான ரெங்கம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அடி போடி கூறுகெட்டவளே! அவரு ஆயுசுக்கு அழுவுறியா? உன் ஆயுசு டயருக்குள்ள கெடந்துச்சேடி! அது சரி, காசிநாதனாமே, பேரு நல்லாத்தான் இருக்கு. இன்னொரு தரம் சொல்லு, கேப்போம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. காசிநாதன் மட்டும் சிரிக்கவில்லை. அரியமுத்துவிடம், "இந்த வண்டி இன்னிக்கு இனிமே இழுக்காதுப்பா" என்றார். லாரி சரிவிலேயே பாறைகளின்மேல் சாய்ந்து நின்றது.

அங்கிருந்து நேரே பெரம்பலூருக்கு வண்டியை விட்டார். வழியில் முத்தாயி மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள்: "வேகத்தைப் பார்த்துட்டுத்தான் உங்களைக் கட்டிக்கிட்டேன்னு யாரு சொன்னா?"

அவர் திரும்பினார்.

"பறக்குற பஸ்ஸு ஆயிரம் போவும். தலையில முந்திரிச் சுமையோட நாங்க ரோட்டோரமா போவோம். மத்த டிரைவரெல்லாம் புழுதியை எங்க மூஞ்சியில அடிச்சுட்டுப் போவானுவ. நீங்க ஒருத்தருதான் தூரத்துலயே பஸ்ஸை அடக்கி, நாங்க தாண்டுற வரைக்கும் ஊர்ந்து ஊர்ந்து வருவீங்க. ஒரு பொட்டுத் தூசி கிளம்பாது. 'இவ்வளவு பெரிய வண்டியை இவ்வளவு மெதுவா ஓட்டத் தெரிஞ்ச மனுசன்'னு அன்னிக்கு நெனச்சேன். அதுக்குத்தாங்க கட்டிக்கிட்டேன்."

எத்தனையோ வருடம் கூடவே வாழ்ந்தும் அந்த மனிதருக்கு இது தெரிந்திருக்கவில்லை! அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஸ்டேரிங்கின் மேல் தலையை வைத்துக்கொண்டு சிறு பிள்ளை மாதிரி அழுதார். எஞ்சின் விக்கி விக்கி, அதுவும் நின்றுபோனது.

ஒர்க்‌ஷாப் வாசலில் வைத்திலிங்கம் பீடியை அணைத்தார். "என்ன மாப்ள, பறந்து முடிச்சாச்சா?"

"குட்டையைப் போடுண்ணே."

"மாவு இடிக்கலாம்னியே?"

"அண்ணே!" காசிநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கா, திருப்பி அனுப்பிட்டியா? அதை மட்டும் சொல்லு."

வைத்திலிங்கம் முத்தாயியின் வெறும் கைகளையும் அறுந்த முந்தானையையும் பார்த்தார். கேலி அத்தோடு நின்றது. உள்ளே போய், எண்ணெய்ச் சாக்கில் சுற்றியிருந்த தண்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"திருச்சி கடைக்காரரு ரெண்டு தடவை ஆள் விட்டாரு. கொடுக்கலை. வண்டி உன்னுது, அதனால அன்னிக்கு வாயை மூடிக்கிட்டேன். ஆனா முத்தாயி எனக்குத் தங்கச்சி, அதான் பத்திரமா வச்சிருந்தேன். எடு, அந்த ரேடியேட்டரைக் கழட்டு."

மறுநாள் மத்தியானம் வண்டி குழிக்குள் இறங்கியபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உறுமல் இல்லை. பெரிய மாடு அசைபோடுகிறாற்போல ஒரு தாழ்ந்த சத்தம், அவ்வளவுதான். "புலி எங்க போச்சு? பூனையா ஆயிடுச்சா?" என்று யாரோ கேட்டார்கள். காசிநாதன் சரிவில் நின்ற அரியமுத்துவின் லாரிக்குச் சங்கிலியைப் பூட்டினார். முத்தாயி கட்டையோடு சக்கரத்துக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். அன்று முந்தானையை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகியிருந்தாள். நேற்றைய டயர், நேற்றைய சரிவு, நேற்றைய சேறு. செருகாமல் என்ன செய்வாள்?

"ஏங்க" என்றாள். கத்தக்கூட இல்லை.

"ம்" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

பிறகு நடந்ததை அங்கே இருந்தவர்கள் இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள்.

காசிநாதன் கிளட்சை விட்டார். ஆக்சிலேட்டரை மிதிக்கவே இல்லை. சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக எழுந்து, நீண்டு, விறைத்தது. ஒரு கணம் ஒன்றும் அசையவில்லை. எஞ்சினின் சத்தம் ஒரு படி இறங்கியது. நின்றுவிடும் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். நிற்கவில்லை. டொம்... டொம்... டொம்... ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. பாறைகளில் சாய்ந்திருந்த பின்சக்கரம் அவற்றை விட்டு இலேசாக விலகியது. அத்தனை கல் பாரமும், நத்தையைவிட மெதுவாக, மேல்நோக்கி நகரத் தொடங்கியது.

துள்ளல் இல்லை. தயக்கம் இல்லை. சங்கிலி ஒரு தடவையும் தளரவில்லை. டயரில் ஒட்டிய சேறு பிரிகிற சத்தம்கூடக் கேட்டது. குழியில் ஒரு சுத்தியல் விழவில்லை. யாரோ தலையிலிருந்து முண்டாசை அவிழ்த்தார்கள், சாமி ஊர்வலம் போகும்போது அவிழ்ப்பதைப் போல. மனிதன் உருக்கி வார்த்த ஓர் இரும்புத் தண்டு. அதில் சில சின்ன மேடுகள். அவற்றுக்குள் இவ்வளவு பொறுமையா! இவ்வளவு பலமா! ரெங்கம்மாள் வாயில் கை வைத்தபடி நின்றாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

முத்தாயி சக்கரத்தின் பின்னால் குனிந்தபடியே நடந்தாள். கட்டைக்கும் டயருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அது கூடவில்லை, குறையவுமில்லை. சரிவின் வளைவில் லாரி சற்று ஓரம் ஒதுங்கியபோது, "ஏங்க, இடது பக்கம்" என்றாள், வீட்டில் உப்பு கேட்கிற குரலில். "சரி" என்றார் அவர். வண்டி இடது பக்கம் வந்தது.

மேட்டுக்கு வந்ததும் அரியமுத்து லாரியிலிருந்து குதித்து, அவள் கையிலிருந்த கட்டையைப் புரட்டிப் பார்த்தான். அடியில் ஆணிகள் சுத்தமாக இருந்தன. சேறு ஒட்டவே இல்லை.

"அக்கா! கட்டையை ஒரு எடத்துலகூட வைக்கலியா?"

"எங்கடா வைக்கிறது? வண்டி பின்னால வந்தால்ல!"

அவன் சட்டென்று குனிந்து அவள் காலைத் தொட்டான். "அட, எந்திரிடா! சேறுடா காலெல்லாம்" என்று அவள் பின்வாங்கினாள்.

காசிநாதன் இறங்கி வந்தார். அவள் கையிலிருந்த கட்டையை வாங்கப் போனார். "நீ மேல வந்து ஒக்காரு புள்ள. இனிமே இது வேணாம். வண்டி பார்த்துக்கும்."

அவள் கொடுக்கவில்லை. "வண்டியை நம்பலாம். மழையை நம்பலாமா? சங்கிலி அறுந்தா வண்டியா கட்டை வைக்கும்?"

குழியின் அடியில் இன்னொரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். முத்தாயி கட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கி நடந்தாள். காசிநாதன் சங்கிலியைக் கழற்றிவிட்டு வண்டியில் ஏறி அமர்ந்து, கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி, அவள் நடைக்கு ஒரு அடியும் மிஞ்சாமல், அந்தப் பெரிய வண்டியைப் பின்னோக்கி இறக்கத் தொடங்கினார்.